வாடகையும் வழித்தூரமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் முன்னோர். சொந்த வளை வாய்க்கப் பெறாதவர்க்கு வாடகை வளையே தனி வளை. சென்னை மாநகரின் நடுப்பகுதியில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் ஆண்டுதோறும் மேற்கு நோக்கி நகர்கின்றன. பாடியைக் கடந்தால் அம்பத்தூர். அதற்கப்பால் திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம். தெற்கே திரும்பினால் பூவிருந்தவல்லி. நம் பங்குகளில் புதிதாகப் பெயர் பதிவு செய்யும் குடும்பங்களுள் பல இவ்வாறு வாடகை வீடு தேடி இப்பக்கம் வந்தவையே.

இவ்வூர்களில் வாடகைக்கு இரண்டு பங்கு உண்டு. ஒரு பங்கை மாதத்தின் முதல் வாரத்தில் வீட்டுக்காரரிடம் கொடுக்கிறோம். மற்றொரு பங்கை நாள்தோறும் சாலையில் கொடுக்கிறோம். முதற்பங்கு ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. இரண்டாவது எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. பணமாகவும் பொழுதாகவும் உடல் நலமாகவும், சில வேளை இறைப்பற்றாகவும் அது செலவாகிறது. வீடு பார்க்கச் செல்வோர் இந்த இரண்டாம் பங்கையும் கணக்கிட வேண்டும் என்பதே இங்குச் சொல்ல வந்த செய்தி.

தொழிற்சாலைகள் அமைத்த ஊர்கள்

மேற்குப் புறநகர்களை முதலில் நகரோடு இணைத்தது இருப்புப் பாதை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அது சென்ற வழி ஆவடி வழியே. ஆயினும் அதன் பின் நெடுங்காலம் இப்பகுதி ஏரிகளும் வயல்களும் சிற்றூர்களுமாகவே இருந்தது.

நாடு விடுதலை பெற்ற பின் காட்சி மாறிற்று. 1949இல் தோற்றுவிக்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றி அவ்வூரின் பெயரை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டது. 1965இல் அதன் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாகி, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளுக்கு இடமளித்தது. தென்மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கே வேரூன்றின. அவற்றுள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு.

அக்காலத்துத் தொழிலாளி வேலையிடத்தை ஒட்டியே வாழ்ந்தார். ஆவடியில் தொழிற்சாலையே குடியிருப்புகள் கட்டித் தந்தது. அம்பத்தூரில் சங்கு ஒலித்ததும் மிதிவண்டிகள் வரிசை வரிசையாக வெளிவரும். அரைமணி நேரத்தில் ஆள் வீட்டிலிருப்பார். கடை, பள்ளி, மருந்தகம், கோயில் யாவும் நடந்தோ மிதித்தோ சென்றடையும் தொலைவில் இருந்தன. ஒண்டிக் குடித்தனமே ஆயினும், ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இன்றைய நிலை வேறு. கொரட்டூரிலும் முகப்பேரிலும் ஆவடியிலும் வீட்டுவசதி வாரியம் குடியிருப்புகளை அமைத்தது. அவற்றுக்கப்பால் வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, ‘நகர்’ என்று முடியும் பெயர்ப் பலகைகள் முளைத்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, நாசரேத்தை நினைவூட்டும் பெயருடைய நசரத்பேட்டையையும் நெமிலிச்சேரியையும் கடந்து செல்கிறது. பட்டாபிராமில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது.

வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இந்த வளர்ச்சி வண்டியை நம்பி நடந்த வளர்ச்சி. பெரும் பேருந்துகள் திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடி–பூவிருந்தவல்லிச் சாலையிலும் ஓடுகின்றன. புதிய நகர்களோ அச்சாலைகளிலிருந்து இரண்டு, மூன்று, ஐந்து கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. பூவிருந்தவல்லிக்கு இன்றுவரை இரயில் நிலையமே இல்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி புறவழிச் சாலை வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ பாதை இரண்டாம் கட்டத்தில் வகுக்கப்பட்டதும், ‘மெட்ரோ அருகில்’ என்ற சொற்கள் வீட்டு விளம்பரங்களில் ஏறிவிட்டன. ‘அருகில்’ என்பது எத்தனை கிலோமீட்டர் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

மேலைநாடுகள் இந்த அனுபவத்தை நமக்கு முன்னரே பெற்றுவிட்டன. 1947இல் அமெரிக்காவில், நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்னும் புறநகர் கட்டத் தொடங்கப்பட்டது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை போல் எழுந்தன. போரிலிருந்து திரும்பிய இளங்குடும்பங்கள் மகிழ்ந்து குடியேறின. ஆனால் கார் இல்லாதவர் அத்தகைய ஊரில் கைகால் கட்டப்பட்டவர் போலாவார். நம் புறநகர்களில் காரின் இடத்தைப் பெரும்பாலும் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் பிடித்துள்ளன. மற்றபடி கதை ஒன்றுதான்.

பலகை முதல் பால் காய்ச்சும் வரை

வாடகை வீடு தேடுவோர் முதலில் காண்பது வாயிற்கதவில் தொங்கும் ‘டு-லெட்’ பலகை. அடுத்துச் சந்திப்பது வீட்டுத் தரகரை. ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பது வழக்கம். அதற்குப் பின் வருவது முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கம் நெடுநாளையது. பெருந்தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் ‘லீசுக்கு’ இருப்போரும் உண்டு. அத்தகையோர் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் உள்ளது, அதன்மேல் வங்கிக் கடன் உண்டா என்பதை வில்லங்கச் சான்று பெற்றுப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது நன்று.

ஒப்பந்தம் பதினொரு மாதத்திற்கு எழுதப்படுவதன் காரணம் பலர்க்கும் தெரியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுகிறது. அதைத் தவிர்ப்பதற்கே பதினொரு மாதம். ஆனால் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இருவரும் வேறு விதமாக உடன்பட்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது முறையன்று. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவு போக எஞ்சிய முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். சச்சரவு நேர்ந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கலாகாது. ‘வேறு விதமாக உடன்பட்டால்’ என்ற வாசகத்தின் வழியே பழைய பத்து மாதப் பழக்கம் இன்னும் நுழைந்துவிடுகிறது என்பதையும் மறவாதிருப்போம். கையெழுத்திடுமுன் படிப்பவரே பிழைத்துக்கொள்வார்.

ஒப்பந்தத்தில் காணாதவற்றையும் கேட்டறிய வேண்டும். மின்கட்டணம் வாரியத்தின் கணக்குப்படியா, வீட்டுக்காரர் வைத்துள்ள துணை மீட்டரின்படி அலகுக்கு இத்தனை ரூபாயா? ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா, நல்ல தண்ணீரா? கோடையில் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? அடுக்குமாடியாயின் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா? வண்டி நிறுத்த இடம் உண்டா? காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடித்துக்கொள்வர்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. பின்னாளில் மனக்கசப்பைத் தவிர்க்கும் வழி.

ஒரு சிறு கணக்கு

இனி, எழுதப்படாத இரண்டாம் பங்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். கணவர் நாள்தோறும் மின் இரயிலில் நகருக்கு வேலைக்குச் செல்பவர். இரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு; வாடகை 12,000 ரூபாய். நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, புதிய நகரில் சற்று விசாலமான மற்றொரு வீடு. வாடகை 9,500 ரூபாய். மாதம் 2,500 ரூபாய் மிச்சம் என்று மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது.

செலவைப் பார்ப்போம். நிலையத்துக்குச் சென்று வர நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர். மாதத்தில் 26 வேலை நாள் என்றால் 260 கிலோமீட்டர். பெட்ரோல் ஏறத்தாழ ஆறு லிட்டர், 600 ரூபாய். நிலையத்தில் வண்டி நிறுத்த 400 ரூபாய். நடந்து செல்ல இயலாத பள்ளிக்கு வேன் கட்டணம், இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் குறைத்துக் கணக்கிட்டாலும் 1,200 ரூபாய். ஞாயிறு திருப்பலிக்கு நால்வரும் ஒரே வண்டியில் ஏறிச் செல்வது சட்டத்துக்கும் உயிருக்கும் பகை. ஆகவே ஆட்டோ, போக வர 300, மாதம் நான்கு ஞாயிறுக்கு 1,200 ரூபாய். ஆக 3,400 ரூபாய். மிச்சமென நினைத்த 2,500ஐ விழுங்கி, மேலும் 900 ரூபாயைச் சாலை பறித்துக்கொள்கிறது. வண்டியின் தவணையும் பழுதுபார்ப்பும் இக்கணக்கில் சேரவில்லை.

இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. போக அரைமணி, வர அரைமணி என்று வைத்தாலும், மாதத்தில் 26 மணி நேரம் வழியில் கழிகிறது. ஒரு முழு நாளுக்கும் மேற்பட்ட அப்பொழுது, தந்தை பிள்ளைகளோடு அமர்ந்திருக்க வேண்டிய பொழுது. களைத்து வந்து சேரும் வேளையில் சிறியவர்கள் உறங்கிவிடுகின்றனர். குடும்பச் செபமாலை பல வீடுகளில் நின்றுபோனதற்குத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் குறை கூறுகிறோம். வழித்தூரத்திற்கும் அதில் பங்குண்டு.

வண்டி ஓட்டாதவர்கள்

வண்டியுள்ளவர் கண்ணால் ஊரைப் பார்த்து வீடு முடிவு செய்யப்படுகிறது. நாளெல்லாம் அவ்வீட்டில் இருக்கப்போகிறவர் பெரும்பாலும் வண்டி ஓட்டாதவர். மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்து சேர்ந்த முதிய தாய், கருவுற்றிருக்கும் மருமகள், பள்ளிச் சிறார் ஆகியோர்க்கு ஐந்து கிலோமீட்டர் என்பது ஐம்பது கிலோமீட்டருக்கு ஒப்பாகும். ஊரில் இருந்தவரை விடியற்காலைத் திருப்பலியை ஒரு நாளும் தவறவிடாத மூதாட்டி, இங்கு ஞாயிற்றுக்கிழமைக்கே மகனின் முகம் பார்த்துக் காத்திருக்கிறார். மகனுக்கு அன்று வேலையிருப்பின் திருப்பலியும் இல்லை.

பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது. ஒருவர் கண்ணொளியின்றியும் தன்னுரிமையோடு நடமாட வேண்டுமாயின் நல்ல நடைபாதையும் நம்பத் தகுந்த பேருந்தும் வேண்டும். பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றி எங்கெல்லாம் செல்ல முடியுமோ, அங்கெல்லாம் குழந்தையும் முதியவரும் செல்ல முடியும். ஓர் ஊர் மனிதர்க்கு உகந்ததா என்பதற்கு இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, புறநகர்ப் பெண்கள் பலர் பயனடைந்தனர். ஆனால் பேருந்து வராத நகரில் கட்டணமில்லாப் பயணத்தால் யாது பயன்? எனவே வீடு பார்க்கச் செல்வோர்க்கு ஓர் அறிவுரை. வண்டியைப் பெருஞ்சாலையில் நிறுத்திவிட்டு, மனைவியோடும் இயன்றால் தாயோடும் அவ்வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்த்தொல்லை உண்டா, வேலை முடிந்து தனியே திரும்பும் மகள் அச்சமின்றி வரக்கூடுமா என்பதைக் கால்கள் சொல்லும், தரகர் சொல்லமாட்டார்.

மழை நாளிலும் ஒரு முறை அப்பக்கம் சென்று வருவது நலம். இது ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அப்பால் கடல் போல் விரிந்த செம்பரம்பாக்கம் என நீர்நிலைகள் நிறைந்த தாழ்நிலம். 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த நீரையும் இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். சுவரிலுள்ள கறையைக் காட்டி அவர்களே சொல்வார்கள். பாதை மூழ்கும் நாளில் வண்டியும் உதவாது என்பது நினைவிருக்கட்டும்.

மனத்தின் தூரம்

சாலையின் தூரத்தைவிடக் கடக்க அரியது மனத்தின் தூரம். மேலே கூறிய லெவிட்டவுனின் வாடகைப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதார் அங்குக் குடியிருக்கலாகாது என்று விதி எழுதியிருந்தனர். நம் ஊரில் அவ்வாறு எழுதுவதில்லை. வாயிலில் நிறுத்திக் கேட்கிறோம். ‘சைவமா?’ என்று தொடங்கி, ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்று முடியும் அந்த விசாரணையில் நம் குடும்பங்கள் பல தலைகுனிந்து திரும்பியதுண்டு. இது கண்டு வருந்தும் நாம், நம் வீட்டு மாடிப் பகுதிக்கு ஆள் வரும்போது என்ன கேட்கிறோம்? ஞாயிறன்று ஒரே பந்தியில் நற்கருணை வாங்கும் சகோதரனின் சாதியை வீட்டு வாயிலில் விசாரிக்கும் கிறிஸ்தவர், தாம் வாங்கிய நற்கருணையை எங்கே வைத்துவிட்டு வந்தார்?

பெத்லகேமில் சூசையப்பரும் மரியன்னையும் இடம் கிடைக்காமல் அலைந்ததை ஆண்டுதோறும் குடில் கட்டி நினைவுகூர்கிறோம். திருச்சபையும் இதில் தெளிவாகப் பேசியுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, உணவு உடையோடு உறைவிடத்தையும் மனிதனின் உரிமையாக வைத்துப் பேசுகிறது. 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோர் ஆண்டாக அறிவித்தபோது, வத்திக்கானின் நீதி அமைதிக் குழு வீடற்ற சகோதரனைக் குறித்துத் தனி ஏடே வெளியிட்டது. இன்னும் பழமையான நெறி இணைச்சட்ட நூலில் உள்ளது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க ஏழையின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று அது பணிக்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தர மாதக்கணக்கில் அலையவைக்கும் வீட்டுக்காரர், அதிலும் கத்தோலிக்க வீட்டுக்காரர், அந்த இருபத்து நான்காம் அதிகாரத்தை ஒருமுறை அமர்ந்து படிப்பாராக.

பங்கு செய்யக்கூடியவை

பூவிருந்தவல்லியில் 1936ஆம் ஆண்டு முதல் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி நம் மறைமாவட்டங்களுக்குக் குருக்களை உருவாக்கி வருகிறது. அவ்வாறு உருவான பங்குத்தந்தையர் ஒவ்வொரு நகராக வீடு வீடாய்ச் சென்றாலும், நாளொரு வீடு கூடும் இப்பகுதியில் தனியொருவரால் எல்லாரையும் சந்தித்தல் இயலாது. பங்கு மக்களே கைகொடுக்க வேண்டும்.

புதிதாக வாடகைக்கு வந்த குடும்பத்தை அன்பியத்தார் முதல் வாரத்திலேயே சந்திக்கலாம். மரியாயின் சேனையினர்க்கு வீடு சந்திப்பது புதிதன்று. பால் காய்ச்சும் நாளில் பங்குத்தந்தையை அழைத்து வீட்டை மந்திரிக்கச் செய்ய, அக்குடும்பத்திற்கு வழிகாட்டலாம். ஞாயிறன்று காரில் செல்வோர் பின்னிருக்கையை வெறுமையாக ஓட்டிச் செல்லாமல், தெருவிலுள்ள முதியவர் இருவரை ஏற்றிக்கொள்ளலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொண்டால், ஆட்டோச் செலவு குறைவதோடு அறிமுகமும் வளரும். தொலைவான நகர்களில் மாதம் ஒரு முறையேனும் ஒரு வீட்டு மாடியில் திருப்பலி நிகழ்த்த, அவ்வீட்டார் இடம் தர முன்வரலாம். கோயில் அறிவிப்புப் பலகையில், பங்கு மக்களின் காலி வீடுகளை எழுதி வைத்தாலே தரகுச் செலவும் அலைச்சலும் பலர்க்கு மிச்சமாகும். புதுக் குடும்பமும் தன் பழைய பங்கிலிருந்து சான்றுக் கடிதம் பெற்று வந்து பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பிள்ளைகளின் புதுநன்மை நெருங்கும் வேளையில் ஓடி வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

வாடகை வீட்டில் இருப்போர், ‘நமக்கென்று ஒரு வீடு அமையட்டும், பிறகு பங்கு வேலைகளில் கலந்துகொள்வோம்’ என்று எண்ணுவதுண்டு. திருத்தூதர் பவுல் உரோமை நகரில் ஈராண்டுக் காலம் வாடகை வீட்டிலேயே தங்கியிருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் தன் முடிவில் கூறுகிறது. காவலிலிருந்த அவரால் வெளியே நடமாட இயலவில்லை. ஆயினும் தம்மைக் காண வந்த அனைவரையும் அவ்வீட்டில் வரவேற்று இறையரசைப் பற்றி உரைத்துக்கொண்டிருந்தார். வாடகை வீடு அவருக்குத் தடையாகவில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போர்க்கும் அது தடையாக வேண்டியதில்லை. வழித்தூரத்தை அளந்து வீடு பிடிப்போம். பிடித்த வீட்டின் கதவை அண்டை அயலார்க்குத் திறந்து வைப்போம்.